பெரணி வீட்டுத் தலைக்கணக்கு

குடிக்கணக்கு எடுத்த அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர்: வீட்டுக்காரர் பெங்லா, அவர் மனைவி ஓன், மூத்த மகன் சோம்வாங், அவனுடைய மனைவி, சமவெளி லாவோ இனத்துத் தவீசுக், ஊர்த்தலைவர் காம்சய், கணக்கெடுக்க வந்த பள்ளிக்கூட டீச்சர் விலைவோன். வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகப் பின்னால் பலர் சொல்லிக்கொண்டார்கள்.

பெங்லா அதற்காகவே குளித்து, வெள்ளைச் சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டு உட்கார்ந்திருந்தார். பெரணிச் செடியின் பெயர் தாங்கிய அவர் குலத்தின் வீட்டுத் தெய்வம் அவருக்குப் பின் மூத்த மகனிடம் போகவேண்டும். சோம்வாங் உதோம்சய் நகரத்தில் பன்னிரண்டு வருஷம் ஆபீஸ் வேலை பார்த்துவிட்டு, போன மாதம்தான் பக்கத்து ஊருக்கு மாற்றலாகி, கர்ப்பிணி மனைவியோடு வீடு திரும்பியிருந்தான். தெய்வத்தை ஏற்கத்தான் வந்திருக்கிறான் என்று அவர் நம்பினார்.

“எந்த இனம்?” என்றாள் டீச்சர்.

“கமு. எல்லாருக்கும் அதையே போடு. இந்த வீட்ல இதெல்லாம் ஒரு கேள்வியா?”

“ஒவ்வொருத்தரா கேக்கணும் அண்ணே,” என்றார் காம்சய். “நாப்பத்தொம்பது இனம் அச்சடிச்சு அனுப்பியிருக்காங்க. கேக்காம விட்டா மத்ததெல்லாம் கோவிச்சுக்கும்.”

ஓன் கமு என்றாள். சோம்வாங்கின் முறை வந்தது. அவன் பாயைப் பார்த்தபடி, “லாவோ,” என்றான்.

டீச்சரின் பேனா நின்றது. “அப்பாவும் அம்மாவும் கமுவாச்சே...”

“சொல்றத எழுதணும்னுதானே விதி? எழுதுங்க.”

“எனக்குக் காது மந்தம்,” என்றார் பெங்லா. “இன்னொருக்கா சொல்லு.”

“உங்க காதுக்கு ஒண்ணும் இல்லப்பா. மலைக்காரன், மலைக்காரன்னு பன்னெண்டு வருஷம் கேட்டாச்சு. என் புள்ளையும் அதக் கேக்க வேணாம்.”

பெங்லா கத்தவில்லை. வெளியாள் முன்னால் குரலை உயர்த்துவது மானமில்லாத வீட்டுப் பழக்கம். வாய் எதையும் சொல்லும், கை அப்படியில்லை என்று அவருக்குத் தோன்றியது. பெரணிக் குலத்தில் பிறந்தவன் பெரணித் தளிரைத் தின்பதில்லை. பஞ்ச காலத்தில்கூட அவர் அப்பா அதைத் தாண்டி நடந்துபோய்க் காட்டுக் கிழங்கு தோண்டினார். அவர் மனைவியிடம் திரும்பினார்.

“ஓடைக்கரையில பெரணி கிள்ளி வந்து சமை. லாவோக்காரனுக்கு விலக்கு ஏது? தின்னு காட்டட்டும். அப்புறம் டீச்சர் எழுதட்டும்.”

ஓன் நீர்நாய்க் குலத்தில் பிறந்தவள். பெரணி அவளுக்கு விலக்கில்லை. ஆனாலும் இந்த வீட்டுக்கு வந்த நாற்பத்து நான்கு வருஷத்தில் தூண்கள்மேல் நின்ற வீட்டின் ஏணிப்படியில் அதை அவள் ஏற்றியதில்லை. அன்றும் கீழே முற்றத்தில் மூன்று கல் கூட்டித்தான் வதக்கினாள். டீச்சர் பேனாவை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தனக்கு வேலை இருக்கிறது என்று காம்சய் இரண்டு முறை சொன்னார், எழுந்திருக்கவில்லை.

சுருள் சுருளாகப் பச்சை மாறாத தளிர் தட்டில் வந்தது. ஓன் அதை மகன் முன்னால் வைத்தாள். பிறகு உள்ளே போய் ஓர் எலுமிச்சையை அறுத்துக்கொண்டு வந்து மேலே பிழிந்தாள்.

“அது எதுக்கு?” என்றார் பெங்லா.

“இது இல்லாம அவனுக்கு எறங்காது,” என்றாள். சொன்ன பிறகுதான் கை நின்றது.

மாதம் ஒருமுறை அவள் மகனைப் பார்க்க நகரத்துக்குப் போய்வருவாள். என்ன சாப்பிடுகிறான் என்று அவர் கேட்பார். நல்லாத்தான் சாப்பிடறான் என்பாள். அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு அவர் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்.

“எத்தனை வருஷமா?”

“நான்தான் மாமா மொதல்ல சமைச்சேன்,” என்றாள் தவீசுக். “அத்தை வேணாம்னுதான்...”

“உன்னைக் கேக்கலம்மா.”

மகன் இனத்தை மாற்றிச் சொன்னது அந்த நேரத்தில் அவருக்குச் சின்ன விஷயமாகிவிட்டது. ஓன் விரல்களிலிருந்து சாறு பாயில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை.

சோம்வாங் ஒட்டுச்சோற்றை உருட்டி, தளிரைச் சேர்த்து வாயில் வைத்தான். தட்டு காலியாகும்வரை சாப்பிட்டான். டீச்சர் பேனாவைத் திறந்து எழுதினாள்.

அன்று மாலையே அவன் நாக்கு வெந்து புண்ணாகிவிட்டது, குலதெய்வம் விடவில்லை என்று ஊரில் இன்னமும் சொல்கிறார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் காலை அவன் குழாயடியில் குனிந்து பல் விளக்கியதைப் பெங்லா மேலே நின்று பார்த்தார். வாய் நிறையத் தண்ணீர் எடுத்துத் துப்பினான். ஒரு சொட்டு ரத்தமும் கலக்காமல் நுரை வெள்ளையாகவே ஓடியது.