ஸ்ட்ராஸ்பர்க்கில் சும்மா நேரம்

ஸ்ட்ராஸ்பர்க் பேராலயக் கோபுரத்தில் ஏறிப் பார்ப்பது என்று செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் கைதூக்கி முடிவெடுத்தார்கள். புதன்கிழமை காலை டன்னென்ரீட் பாடகர் சங்கத்தில் அத்தனை பேருக்கும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. யாரும் ஒரு படிகூட ஏறியிருக்கவில்லை. மருந்துக்கடையில் தைலம் தீர்ந்துபோனது, அவ்வளவுதான். அடுத்த கூட்டத்தில் மதியத்துக்கு வெங்காயமும் பன்றிக்கொழுப்பும் தூவிச் சுட்ட மெல்லிய ரொட்டி என்று தீர்மானமானது. அன்றிரவு எவர் வீட்டிலும் சாப்பாடு இறங்கவில்லை, ஊரே வெங்காய ஏப்பம் விட்டது. பேராலயக் கடிகாரத்தின் பொம்மை ஊர்வலத்தைச் சேர்த்ததும் அண்ணாந்து பார்த்த கழுத்துவலி வந்தது. படகுச் சவாரியைச் சேர்த்ததும் காலணிகள் ஈரமாயின. தலைவர் வெண்டலின் முன்ஜாக்கிரதைக்காரர், மழை பெய்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு திட்டம் போட்டார், பாதிப் பேருக்கு ஜலதோஷம். ரைன் நதிக்கு ஜெர்மனிப் பக்கம் இருக்கும் அந்தக் கிராமத்தில் எதையும் அரைகுறையாகத் திட்டமிட மாட்டார்கள். ஆகவே இதில் வியக்க ஏதும் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

கெர்லிண்டேவுக்கு மட்டும், இப்படியே போனால் பயணமே தேவையில்லாமல் போய்விடுமோ என்ற கவலை வந்தது. கேக் கடை வைத்திருந்த அவள், பக்கத்தில் நின்று கட்டைக் குரலில் பாடும் ஓட்மாரைப் பல வருடங்களாக நேசித்தாள். மனைவியை இழந்த ஓட்மார் வீட்டை விற்றுவிட்டு, கோடை முடிந்ததும் ஹாம்பர்க்கில் இருக்கும் மகளோடு போய்த் தங்கப் போகிறார். டன்னென்ரீட்டில் இருமினாலே நாலு தெருவுக்குக் கேட்கும்; அங்கே காதலைச் சொல்ல அவளால் முடியாது. எல்லையைத் தாண்டி பிரான்ஸுக்குள் போய்விட்டால் வாய் திறந்துவிடும் என்று நம்பித்தான் ஸ்ட்ராஸ்பர்க் பேச்சையே அவள் எடுத்தாள்.

கடைசிக் கூட்டத்தில் வெண்டலின் மூக்கைச் சிந்திக்கொண்டே எழுந்தார்.

"ஏறியாச்சு, பாத்தாச்சு, தின்னாச்சு. இன்னும் எதுக்குப்பா போகணும்? பஸ்ஸ வேண்டாம்னு சொல்லிரலாமா?"

கைகள் உயரத் தொடங்கின. ஓட்மாரின் கையும் பாதி உயர்ந்துவிட்டது.

"தலைவரே, ஒண்ணு விட்டுப்போச்சு," என்று கெர்லிண்டே எழுந்தாள். "ரெண்டு மணிக்குச் சும்மா நேரம். ஊர் சுத்தப் போனா அது இல்லாமயா?"

"சரி, போட்டாச்சு. அதுல என்ன பண்ணுவோம்?"

"அதச் சொல்லிட்டா அப்புறம் அது என்ன சும்மா நேரம்?"

"எத்தன மணி வரைக்கும்?"

"உங்க தும்மல் நிக்கிற வரைக்கும். உக்காருங்க தலைவரே!"

சிரிப்போடு சிரிப்பாகத் தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் காலை எல்லோரும் படுக்கையிலேயே கைகாலைத் தடவிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. வலியில்லை, ஏப்பமில்லை. தங்களுக்குச் சேர வேண்டிய ஏதோ ஒன்று பிரான்ஸில் அனாமத்தாகக் கிடக்கிறது என்ற நினைப்பு அவர்களைத் தூங்கவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் நிரம்பி வழிந்தது.

போன இடத்தில் பேராலயத்தைத் தங்கள் சமையலறையைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தார்கள். கோபுரத்துக்கு இங்கிருந்தே கையசைத்தார்கள். ரொட்டிக் கடை வாசலில் ஏப்பம் விட்டார்கள். இரண்டு அடித்ததும் அவிழ்த்துவிட்ட கன்றுகள்தான். வயதான பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கற்பாவிய தெருவில் ஓடினார்கள். என்ன செய்வதென்று தெரியாத வெண்டலின் ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றினார், பிறகு அது பிடித்துப்போய் இன்னும் வேகமாகச் சுற்றினார். கெர்லிண்டே ஓட்மாரைக் கால்வாயோரம் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"நீ ஹாம்பர்க் போறது எனக்குப் பிடிக்கல."

"ஏன்?"

"உன்னப் பிடிச்சிருக்கு. அதான் பிடிக்கல."

ஓட்மாரின் காது சிவந்தது. "நாலு வரிப் பாட்டுல நான் மூணு தப்புப் பண்றேனே, எதனாலன்னு நெனச்ச?"

"குரலே அவ்வளவுதான்னு நெனச்சேன்."

"நீ பக்கத்துல நிக்கிறியேடி!"

கெர்லிண்டே வாத்துகள் பறக்கும்படி சிரித்தாள். அத்தனை வருட மகிழ்ச்சியும் ஒரே நேரத்தில் வந்து இறங்கியது.

பஸ் புறப்படும் நேரம் திட்டத்தில் இருந்தது, ஆகவே பஸ் புறப்பட்டது. சும்மா நேரம் முடியும் நேரம் திட்டத்தில் இல்லை, ஆகவே அந்த பெஞ்சில் அது முடியவில்லை. அழைக்கப் போன வெண்டலின், தெருவில் விளக்கேற்றிவிட்டதையும் பெஞ்சின்மேல் மட்டும் இரண்டு மணி வெயில் அடிப்பதையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, இரண்டு பேர் குறைவு என்று ஓட்டுநரிடம் சொன்னார். அதன்பிறகு எத்தனையோ பனிக்காலம் வந்து போயிற்று, பெஞ்சில் ஒரு துளி விழவில்லை. சங்கத்தார் வருடம் ஒருமுறை புதுப் பாட்டோடு போவார்கள். ஓட்மார் இப்போதும் தப்பாகத்தான் பாடுகிறார். கேக் கடையை வெண்டலினின் தங்கை பார்த்துக்கொள்கிறாள்.

ஹாம்பர்க்கிலிருந்து மகள் தொலைபேசியில் கேட்பாள்: "அப்பா எப்ப வர்றாரு?"

"சும்மா நேரம் முடியட்டும்மா," என்பார் வெண்டலின்.

முதலில் அவள் அழுதாள், பிறகு ஒருமுறை நேரில் போய்ப் பார்த்தாள். அவர்கள் இருவரும் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள். ஊர் திரும்பியதும் அப்பாவுக்கென்று ஒதுக்கியிருந்த அறையில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டாள்.