ஒற்றை விரல் ஸ்டியரிங்

உக்கிரபாண்டியின் வலது கையை மடக்கி நெஞ்சின் மேல் வைக்க மூன்று ஆண்கள் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துத் துணியில் சுற்றிக் கொடுத்திருந்த உடம்பில் அந்தக் கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் விறைத்து நின்றது.

“என்னா கைடா யப்பா! செத்தும் மடங்க மாட்டேங்குது பாரு,” என்றார் மாரிச்சாமி. செத்தவருக்குச் சித்தப்பா முறை. எம்.ரெட்டியபட்டியில் எந்தச் சாவானாலும் முன்னால் நின்று அதிகாரம் பண்ணுகிறவர். “அந்த ஜீப்பை ஓட்டுன கைல்ல. சும்மாவா?”

மற்ற இருவரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சங்கரம்மாள் புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்து இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது சாவு கொடுத்த விறைப்பு இல்லை. ஒரு வருஷமாகவே அவர் தோள்பட்டை இறுகிக் கிடந்தது. சட்டைக் கைக்குள் கையை நுழைத்து விட அவள்தான் வர வேண்டும். முதுகு தேய்த்து விடுவதும் அவள்தான். வாசலில் ஆள் சத்தம் கேட்டால் போதும், அவளைத் தள்ளிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு வெளியே போய்விடுவார். முப்பத்தைந்து வருஷமாக வாயால் அவரை ‘அவுக’ என்றும் மனசுக்குள் ‘இந்த ஆளு’ என்றும் சொல்லிப் பழகியிருந்தாள் சங்கரம்மாள்.

எல்லாப் பெருமையும் அந்த ஜீப்பால் வந்தது. எங்கோ ஏலத்தில் எடுத்த பழைய வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். மழை பெய்து கரிசல் குழைந்து டிராக்டர்கூடப் புதைந்து நிற்கிற பாதையில் பருத்தி மூட்டையை ஏற்றிக்கொண்டு அது மட்டும் போகும். ஆனால் அதன் ஸ்டியரிங்கைத் திருப்புவது ஆட்டுரலை நகர்த்துகிற வேலை. ஊரில் இரண்டு மூன்று பேர் முயன்று பார்த்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். பவர் ஸ்டியரிங் என்று யாராவது பேச்செடுத்தால் உக்கிரபாண்டி டீக்கடையே கேட்கும்படி, “அது பொம்பளைக ஓட்டுற வண்டிக்குடா,” என்பார்.

அந்த வாய்தான் தோள்பட்டை போன பிறகு மகனிடம் கெஞ்சியது. அழகுராஜா பாளையம்பட்டியில் டயர் கடை வைத்திருக்கிறான். அங்கே ஒர்க்‌ஷாப் போட்டிருக்கும் சோலையிடம் ஜீப்பைக் கொண்டுபோய் விட்டான். சோலை பழைய ஸ்டியரிங் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய வண்டிகளை உடைத்து விற்கிற கடையில் இருந்து வேறொரு வண்டியின் பவர் ஸ்டியரிங் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். எஞ்சினோடு ஒரு பம்பைச் சேர்த்து பெல்ட் மாட்டினான். எண்ணெய் போய்வர இரண்டு குழாய் இழுத்தான். உக்கிரபாண்டி போட்ட நிபந்தனை ஒன்றுதான். ஊரில் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது.

தெரியாமல் வைத்துக்கொண்டாலாவது போகட்டும். ஜீப்பு திரும்பி வந்த அன்றைக்கே டீக்கடை முக்கில் நிறுத்தி, எல்லாரும் பார்க்க ஸ்டியரிங்கில் ஆள்காட்டி விரலை மட்டும் கொடுத்து, ஒரே சுற்றில் வண்டியைத் திருப்பிக் காட்டினார். கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். அறுபது வயசுக்கு மேல் என்னா பலம் என்று வாயைப் பிளந்தார்கள். அன்றிலிருந்து அவர் ஒத்தவெரல் உக்கிரபாண்டி. பானெட்டுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டார். கேட்டால், திருட்டுப் பயம் என்றார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த சங்கரம்மாள் வெட்கம் தாங்காமல் பருத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்த விரல்தான் ஒப்பாரியில் ஏறியிருந்தது. உக்கிரபாண்டியின் தங்கை சுப்பம்மாள் நடுவில் உட்கார்ந்து மாரில் அடித்துப் பாடினாள்.

“ஒத்த வெரலாலே ஊரச் சுத்தி வந்தவனே – எங்கண்ணே
பத்து வெரல் குறுக்க வந்து பாடையில போனியே!
கூட இருந்தவுக கம்முன்னு இருக்காம – ஒன்
கையப் புடிச்சு இழுத்தாகளோ கண்மாயில தள்ளத்தான்!”

சுற்றியிருந்த பெண்கள் அழுகையை நிறுத்தாமலே ஓரக்கண்ணால் சங்கரம்மாளைப் பார்த்தார்கள். ஒப்பாரியில் சொல்லிவிட்டால் சண்டைக்கு வர முடியாது. சுப்பம்மாளுக்கு அது நன்றாகத் தெரியும். நேற்று ஜீப்பு கண்மாய் மடைச் சுவரில் மோதி நின்றதும் முதலில் ஓடி வந்தவன் ஆடு மேய்க்கிற ஒருத்தன். அவன் எட்டிப் பார்த்தபோது சங்கரம்மாளின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. அதை அவன் ஊருக்குள் வந்து சொன்னான். ஒத்த விரலில் வண்டியைத் திருப்புகிறவன் ஒரு வளைவில் தவற விடுவானா? பொம்பளை பயந்து போய்ப் பிடித்து இழுத்திருக்கிறாள். விடிவதற்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது.

சங்கரம்மாள் எழுந்து கொல்லைப் பக்கம் போனாள். பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கிற நீர்மாலைக்குப் போக ஈரத் துண்டோடு நின்றிருந்த அழகுராஜா பின்னாலேயே வந்தான். நேற்றிலிருந்து அவன் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது கேட்டான்.

“யம்மா, எஞ்சினு ஓடிக்கிட்டு இருந்துச்சா?”

“இல்ல.”

“ஆஃப் ஆயிருச்சா? இல்ல அப்பா அமத்துனாகளா?”

“அமத்துனாக. கரை எறக்கத்துல.”

அவன் துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பம்பு போய்விட்டதோ, குழாய் வெடித்துவிட்டதோ, தான் போட்டுக் கொடுத்ததே அப்பனைக் கொன்றுவிட்டதோ என்று ராத்திரி முழுக்க அவன் கிடந்து புழுங்கியது அவன் உட்கார்ந்த விதத்தில் தெரிந்தது.

“சோலை அத்தனை வாட்டி சொன்னான். எஞ்சினு ஓடுனாத்தான் பம்பு ஓடும், பம்பு ஓடுனாத்தான் ஸ்டியரிங்கு லேசா இருக்கும், எறக்கத்துல சாவியத் திருகிறாதீகன்னு. எனக்கே சொல்லித் தாரியாலேன்னு அவன வஞ்சாக.”

இறக்கம் வந்தால் எஞ்சினை அமர்த்திவிட்டு வண்டியை உருள விடுவது உக்கிரபாண்டியின் ஆயுள்காலப் பழக்கம். சும்மா உருளுகிற வண்டிக்கு எதுக்கு டீசல் என்பார். பழைய ஸ்டியரிங் எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே கனம்தான், அதனால் இத்தனை காலம் ஒன்றும் ஆகவில்லை. பெட்டியை மாற்றிய பிறகு ஓட்டியதெல்லாம் தட்டைப் பாதை. திருச்சுழியில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போதுதான் கண்மாய்க் கரை வந்தது.

சாவியைத் திருகினார். சத்தம் நின்றது. வண்டி இறங்க இறங்க வேகம் எடுத்தது. அடியில் மடைக்குப் பக்கத்தில் வளைவு. வழக்கம்போல் விரலைக் கொடுத்தார். ஸ்டியரிங் அசையவில்லை. கையைக் கொடுத்தார். செத்த தோளோடு இருந்த கை எதைத் திருப்பும்? அப்போதாவது சாவியைத் திரும்ப முடுக்கியிருக்கலாம். அது முழங்காலுக்கு எதிரே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் புத்தி வரவில்லை. அவளைப் பார்த்து, “புடி சங்கரம்! புடி!” என்று கத்தினார்.

கல்யாணமான நாளில் இருந்து ‘இந்தா’ என்றும் ‘ஏய்’ என்றும்தான் கூப்பிட்டிருக்கிறார். அவள் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். பாதி திரும்பியது.

“யம்மா, வெளிய சொல்லிராத,” என்றான் அழகுராஜா. “பவர் ஸ்டியரிங்கு, எஞ்சினை அமத்துனதுன்னு தெரிஞ்சா அப்பாவை ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும்.”

“யம்மா…”

“ஒங்கப்பன் பூட்டுப் போட்டுக் கட்டிக்காத்த மானத்துக்கு நான் கொலைகாரிப் பட்டம் வாங்கணுமாலே? போ. நீர்மாலை எடுத்துட்டு வா.”

நீர்மாலை வந்தது. குளிப்பாட்டினார்கள். கை கடைசிவரை மடங்காததால் மாலையை அதன் மேலேயே சுற்றிப் போட்டார்கள். வாய்க்கரிசித் தட்டு வந்ததும் பெண்கள் வரிசையாக எழுந்தார்கள். முதல் பிடி பெண்டாட்டிக்கு. சங்கரம்மாள் தட்டில் இருந்து அரிசியை அள்ளிக்கொண்டு குனிந்தாள். சுப்பம்மாள் குறுக்கே கையை நீட்டினாள்.

“வேணாம் மதினி. அந்தக் கையால போடாதீக.”

கொட்டுக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

“எந்தக் கையால?” என்றாள் சங்கரம்மாள்.

“எங்கண்ணன் கையைத் தட்டிவிட்ட கையால. அவன் வாய்க்கு அந்த அரிசி வேணாம். சித்தப்பா, நீங்க கேளுங்க.”

மாரிச்சாமி தொண்டையைச் செருமினார். இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்காகவே அவர் குளித்து வேட்டி மாற்றி வந்திருக்க வேண்டும். “கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காதத்தா. ஊருல நாலு பேரு பேசுறாக. பொம்பள கை பட்டதாலதான் வண்டி தடம் மாறுச்சுன்னு. நீயே சொல்லிரு. அப்புறம் போடு.”

சங்கரம்மாள் நிமிர்ந்தாள். வாசல் முழுக்கத் தலைகள். அத்தனை பேரும் அந்த ஒற்றை விரலுக்கு வாய் பிளந்தவர்கள். இவர்களை ஏமாற்ற அந்த ஆளுக்குப் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் தேவைப்படவில்லை என்று நினைத்தாள்.

“சொல்லுறேன் மாமா, நல்லாக் கேட்டுக்கங்க. அது கை பலமுமில்ல, வெரல் பலமுமில்ல. பவர் ஸ்டியரிங்கு. எம்மகன்தான் சோலைகிட்ட விட்டு மாத்திக் குடுத்தான். ஒங்க மகனுக்குத் தோளு செத்து ஒரு வருசமாச்சு. சட்டை மாட்டி விட்டது நானு. ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் பானெட்டுக்குப் பூட்டு. கரை எறக்கத்துல டீசலு மிச்சம் புடிக்கிறேன்னு எஞ்சினை அமத்துனாக. எஞ்சினு நின்னா அந்த ஸ்டியரிங்கு திரும்பாது. திரும்பல. அம்புட்டுத்தான்.”

“பவர் ஸ்டியரிங்கா? உக்கிரபாண்டியா?” என்றார் மாரிச்சாமி. எல்லாரும் அழகுராஜாவைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, “ஆமா தாத்தா,” என்றான்.

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. அப்புறம் பந்தல் காலுக்குப் பக்கத்தில் இன்னொன்று.

“ஏலே, நான் ரெண்டு மாசமா எங்க டிராக்டர்ல ஒத்த வெரல வச்சுப் பழகிக்கிட்டுக் கெடக்கேன்லே. வெரலு வீங்கிப் போச்சு.”

“பூட்டு வேற போட்டாருல்ல, பூட்டு!”

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். பெண்கள் முந்தானையைக் கடித்துக்கொண்டார்கள். மாரிச்சாமியின் கன்னம்கூடத் துடித்தது. மாலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கையை ஒருவன் சுட்டிக் காட்ட, சிரிப்பு இன்னொரு சுற்று ஏறியது.

இந்தச் சிரிப்புக்காக சங்கரம்மாள் எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறாள். வந்தபோது கையில் இருந்த அரிசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இந்த ஆளைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமானால் முப்பத்தைந்து வருஷம் அவருக்குச் சோறு பொங்கியிருக்க வேண்டும், சட்டை மாட்டி விட்டிருக்க வேண்டும். இவர்கள் ஓசியில் சிரிக்கிறார்கள். இந்தக் கூட்டத்துக்கு முன்னால் பெரிய மனுஷனாக நிற்க ஆசைப்பட்டாரே, அதுதான் அவர் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆத்திரத்தில் கண் கலங்கியது.

சுப்பம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகம் செத்துப் போயிருந்தது. “அதெல்லாம் இருக்கட்டும் மதினி,” என்றாள். “நீங்க ஸ்டியரிங்கப் புடிச்சீகளா இல்லையா? ஆடு மேச்சவன் பாத்திருக்கான். எதுக்குப் புடிச்சீக?”

சிரிப்பு அடங்கியது. அடுத்ததைக் கேட்க எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். அவர்தான் பிடிக்கச் சொன்னார் என்று சொன்னால் போதும். அரிசியைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். பொம்பளையைப் பிடிக்கச் சொன்னானாம்டா என்று இவர்கள் டீக்கடையில் எப்படிச் சொல்வார்கள், எந்த இடத்தில் நிறுத்திச் சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் ‘புடி சங்கரம்’ என்று கத்திய மாதிரியே கத்திக் காட்டுவார்கள்.

“புடிச்சேன்,” என்றாள் சங்கரம்மாள். “நானாத்தான் புடிச்சேன். பயத்துல.”

“கேட்டுக்கிட்டீகளா!” சுப்பம்மாள் ஓவென்று அலறி அண்ணன் காலில் விழுந்தாள்.

மாரிச்சாமியின் முகம் தெளிந்துவிட்டது. “அதான பாத்தேன். எஞ்சினு நின்னா என்ன? வம்பாடுபட்டாவது திருப்பியிருப்பான். எங்க வளப்புல்ல அவன்.” ஆண்கள் பலரும் தலையாட்டினார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் குலுங்கியவன் துண்டை எடுத்து மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இத்தனை லேசாகத் திரும்பக்கூடிய ஆட்களுக்கு எதற்கு ஒரு பம்பு?

யாரோ அவள் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார்கள். சுப்பம்மாள் வாய்க்கரிசி போட்டாள். அப்புறம் மற்றவர்கள். அழகுராஜா கொள்ளிச்சட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு அம்மாவையே பார்த்தபடி நின்றான். கொட்டு மறுபடி எழும்பியது. தூக்கினார்கள். பெண்கள் தெருமுக்கு வரை அழுதுகொண்டு போய்த் திரும்பினார்கள்.

சங்கரம்மாள் போகவில்லை. கையில் இருந்த அரிசியை என்ன செய்வது என்று தெரியவில்லை. வீட்டு அரிசிப் பானையில் போடவும் முடியாது. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு வாசல் ஓரத்தில் விட்டாள். வீடு கழுவ வந்தவர்கள் உள்ளிருந்து வாளி வாளியாக ஊற்றினார்கள். தண்ணீர் பூவையும் சாம்பிராணிக் கரியையும் அந்த ஒரு பிடி அரிசியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு படியிறங்கித் தெருவுக்குப் போனது. அவள் காலை எடுத்து அதற்கு வழி விட்டாள்.