நான்கு நாளும் அப்பாவோடு

லீட்ஸில் இருக்கும் என் நாத்தனார் லாய்குன் ஆறு வருடம் கழித்து ஹாங்காங் வர டிக்கெட் போட்டிருந்தாள். நான்கே நாள். எந்த வேளை எங்கே சாப்பிடுவது என்று பட்டியலும் அனுப்பினாள். காலையில் ஷாம் ஷுய் போ பகுதியில் மீன் கஞ்சி, மதியம் சுட்ட வாத்து, சாயங்காலம் படகேறி அக்கரையில் நண்டு. ஒவ்வொரு வரி முடிவிலும் 'அப்பாவோடு' என்றிருந்தது.

ஆகஸ்டில் தொண்டைப் புற்றுக்கு அறுவை செய்ததிலிருந்து மாமனாருக்குப் பேச்சில்லை. வயிற்றில் போட்ட குழாய் வழியாகப் பால்தான். 'தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாள்' என்று சிலேட்டில் எழுதி எங்கள் வாயை அடைத்திருந்தார்.

என் கணவர் சீஹங் தங்கைக்குச் "சரி, சரி" என்று பதில் போட்டுக்கொண்டேயிருந்தார்.

"கடைல மேசையெல்லாம் சொல்லி வைக்கிறீங்களே, அவ வந்து நின்னா என்ன சொல்லுவீங்க?"

"வந்ததும் அவளே பாத்துக்கட்டும்."

"கதவத் தெறந்ததும் பாக்கற காட்சியா இது?"

அவர் சாவியை எடுத்துக்கொண்டு டாக்ஸி ஓட்டக் கிளம்பிவிட்டார்.

ஞாயிறு காலை லாய்குன் வீடியோவில் வந்தாள்.

"அண்ணி, அப்பாவக் கூப்பிடுங்க. கஞ்சிக் கடை அதே எடத்துலதான் இருக்கான்னு கேக்கணும்."

"டீ குடிக்கப் போயிருக்காரு."

"மூணு மாசமா டீயே குடிக்கறாரா? எம்மேல கோவமா? நான் வரவே வேணாமா?"

அவள் குரல் உடைந்தது. கட்டிலில் இருந்த மாமனார் இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் என்றார். எங்கள் சின்ன வீட்டில் நான் நின்ற இடத்துக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு முழம்தான். கைபேசியை அவர் பக்கம் திருப்பிவிட்டேன்.

அவர் அவசரமாகத் துண்டை இழுத்துக் கழுத்தை மூடினார். லாய்குன் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தாள்.

"எப்பலேர்ந்து?"

"ஆகஸ்ட்."

"அண்ணன் மறைச்சான், சரி. நீங்களுமா அண்ணி?"

அழைப்பைத் துண்டித்துவிட்டாள். நான் பால் ஊற்றியபோதெல்லாம் மாமனார் சுவரையே பார்த்திருந்தார்.

டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றிக்கொண்டு செவ்வாய் மதியமே பெட்டியோடு வந்துவிட்டாள். அண்ணனை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே போய்க் கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் மறு கையால் சிலேட்டில் எழுதினார்: 'போய்ச் சாப்பிடு. வாத்து தீர்ந்துவிடும்.'

அவள் படித்துச் சிரித்தாள், சிரிப்பு அழுகையாகிவிட்டது.

"மொதல்ல நீங்க சாப்பிடுங்கப்பா."

என் பக்கம் கை நீட்டினாள். வயிற்றுக் குழாயின் நுனியில் புனலை மாட்டி, பாலோடு கொடுத்தேன்.

"எவ்வளவு ஒசரத்துல பிடிக்கணும், அண்ணி?"

அவள் கையைப் பிடித்து அவர் தோளுக்கு மேல் உயர்த்தினேன்.