ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பாட்டு

நில அளவை அலுவலகத்தில் அவளை எல்லோரும் ஸ்கேல் என்றுதான் கூப்பிடுவார்கள். கோடு ஒரு நூலளவு கோணினாலும் அவளுக்குச் சோறு இறங்காது. பத்தொன்பது வருடமாக வரைபடம் வரைகிறவள். ஆனால் பாட்டு என்று வந்துவிட்டால் சுத்த சூனியம். அவள் தாளம் போட்டால் கொசு அடிப்பது போல இருக்கும் என்று அவள் தம்பி கேலி செய்வான்.

அந்தத் தம்பி இசையமைப்பாளன். ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு வேளையில், பேயறைந்த முகத்தோடு அலுவலகத்துக்கே வந்து நின்றான். அவனுடைய புதுப் பாட்டு வெளிவர இரண்டு வாரம்தான் இருந்தது. அதன் முன்னோட்டத்தைக் கேட்ட வேறொரு இசையமைப்பாளர், ஒரு பெண், அது தன் பழைய பாட்டின் நகல் என்று இசையமைப்பாளர் சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டார்.

"ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்லக்கா. பாட்டு தெரிஞ்சவங்கள கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. நீ வரைஞ்சு குடு."

"எதைடா வரையறது?"

"பாட்டைத்தான். காதுல விழுறத அப்படியே. உனக்குச் சங்கீதம் தெரியாது பாரு, அதனால எந்தப் பக்கமும் சாய மாட்ட. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுக் காட்டினா வாய மூடிப்பாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் தம்பி ஆயிற்றே. அன்றைக்கே ஒரு முறை வகுத்துக்கொண்டாள். ஒரு நொடிக்கு இரண்டு சென்டிமீட்டர். குரலுக்குக் கறுப்புக் கோடு. ஏறினால் ஏற வேண்டும், இறங்கினால் இறங்க வேண்டும். மேளத்துக்குப் புள்ளி, அடி பலமாக விழுந்தால் பெரிய புள்ளி. வயலினுக்குச் சாய்கோடுகள். புல்லாங்குழலுக்கு மெல்லிய நீலம். ஒவ்வொரு பாட்டுக்கும் நான்கு மீட்டருக்கு மேல், அடியில் இருப்பது தெரியும் டிரேசிங் தாள் சுருள் தேவைப்பட்டது.

முதல் தடவை கேட்டபோது எல்லாம் சந்தைக்கடை இரைச்சல். மூன்று மூன்று நொடியாக வெட்டி, ஐம்பது தடவை கேட்டாள். அப்புறம்தான் ஒவ்வொன்றாகப் பிரிந்தது. பாடகி அடி எடுக்குமுன் மூச்சு இழுப்பதும், உதடு பிரிவதும்கூடக் கேட்டது. அதற்கும் ஒரு குறி போட்டாள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. காது மூடிக்கொள்ள மறுத்தது. குளிர்சாதனப் பெட்டியின் முனகல் நேர்கோடாக ஓடியது. பேருந்து பிரேக் பிடித்தால் விரல் தானாகக் கீழே சரிந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை.

"உப்பு எங்க?" என்றார் கணவர், சாப்பிடும்போது.

"கடைசியில இறங்குது."

"உப்பா?"

"இல்ல, உங்க குரல்."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, உப்பைத் தானே எடுத்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள், அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம், அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் ஒரு சுருளின் மேல் இன்னொன்றைப் பரப்பி, முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தாள். குரல் கோடுகள் இரண்டும் கீரியும் பாம்பும் போல விலகி விலகிப் போயின. அப்பாடா என்று இருந்தது. பாதிச் சுருளைத் தாண்டியதும் ஒரு நீலக் கோட்டைக் காணவில்லை. வரைய மறந்துவிட்டோமோ என்று மேல்தாளைத் தூக்கினாள். இரண்டு தாளிலும் நீலம் இருந்தது. ஒன்றின் மேல் ஒன்று அப்படியே படிந்திருந்தது, நான்கு நொடி தூரம். முடிவில் தூண்டில் முள் போல ஒரு சின்னச் சறுக்கல். அதுவும் இரண்டிலும்.

இரண்டு பேர் ஒரே ஆற்றை வரைந்தால் ஆறு ஒத்துப்போகத்தான் செய்யும். ஒரே பிழை இரண்டு வரைபடத்தில் இருந்தால், ஒன்றைப் பார்த்து இன்னொன்று வரையப்பட்டது என்று அர்த்தம். இது அவள் தொழிலின் அரிச்சுவடி. அந்தச் சறுக்கல் பிழைதான். வாசித்தவனுக்கு மூச்சு தீர்ந்துபோன இடம்.

தன் காதில்தான் கோளாறு என்று நம்ப ஆசைப்பட்டாள். தம்பியின் பாட்டில் அந்த இடத்தை மட்டும் புதுத்தாளில் மறுபடி வரைந்தாள். பென்சில் இரண்டு மில்லிமீட்டர் விலகிப் போயிற்று. காது விலகவில்லை; கை விலகியது. தாளைக் கிழித்துப் போட்டாள்.

மறுநாள் சுருள்களோடு தம்பியின் ஒலிப்பதிவு அறைக்குப் போனாள்.

"இதை எங்கடா கேட்ட?"

"கேட்டதே இல்லக்கா. சத்தியமா." அவன் முகம் சிவந்தது. "உதவி பண்ணுன்னு கூப்பிட்டா குழி தோண்டுறியே!"

அவள் அந்த நான்கு நொடியை இரண்டு பாட்டிலும் போடச் சொன்னாள். அவன் போட்டான். இன்னொரு தடவை போட்டான். பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

"பாப்பா பொறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல எட்டு மணி நேரம் நடந்துட்டே இருந்தேன். பக்கத்து அறையில யாரோ ஏதோ பாட்டைத் திரும்பத் திரும்ப போட்டுட்டிருந்தாங்க. வீட்டுக்கு வந்தப்ப இந்த மெட்டு வாயில இருந்துச்சு. பாப்பா கொண்டுவந்த மெட்டுன்னு நெனச்சேன்க்கா. பாப்பாகிட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

அவள் அவன் தோளில் கை வைத்தாள். அவன் கையைத் தள்ளவில்லை. ஆனால், தரையைப் பார்த்தபடி கேட்டான்:

"அந்த நாலு செகண்ட மட்டும் கொஞ்சம் நகர்த்திடேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"நேத்தே நகர்த்திப் பார்த்துட்டேன்டா. கை கூசுது."

அவன் எழுந்து கதவைத் திறந்துவிட்டான். அவள் சுருள்களை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள்.

இரண்டு நாள் பேச்சில்லை. அலுவலகத்தில் அவள் ஒரே எல்லைக்கோட்டை மூன்று தடவை அழித்தாள். மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது. "புகார் குடுத்த அந்தம்மா வீட்டுக்குப் போறேன். தனியா போகக் காலு வரல. நீயும் வா."

அந்த அம்மையார் உட்காரச் சொன்னார், தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. இரண்டு சுருளையும் கூடத்துத் தரையில் விரிக்கச் சொல்லி, ஓரமாகவே நடந்து வந்தார். நீலம் ஒன்றான இடத்தில் மண்டியிட்டார். சறுக்கலின் மேல் விரலை வைத்தார்.

"வாசிச்சவருக்கு அன்னிக்கு ஜலதோஷம். மூச்சு நிக்கல. நல்லா இருக்கேன்னு நான்தான் அப்படியே விட்டேன்." நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார். "இதை நீங்களே எடுத்துட்டு வந்தீங்களா?"

"வரைஞ்சது அக்கா. கொண்டுவரணும்னு நெனச்சது நான்."

அவர் விரலை எடுத்து, சுருள்களை ஒவ்வொன்றாகச் சுருட்டினார். கடைசியில், "புகாரை எடுத்துக்கறேன். ஆனா பாட்டுல என் பேரும் குழல் வாசிச்சவர் பேரும் வரணும்" என்றார்.

பாட்டு மூன்று பெயரோடு வெளிவந்தது. சங்கத்தில் சிலர் தம்பியைப் பாராட்டினார்கள். சிலர் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அவன் அக்கா வீட்டுக்கு வர ஒரு மாதம் ஆயிற்று. வந்தவன் தன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எதையோ முனக ஆரம்பித்தான். பாதியில் நிறுத்தினான். மறுபடி ஆரம்பித்தான், மறுபடி நிறுத்தினான்.

"அக்கா, இது யாரோடதாவது இருக்குமா?"

அவள் விரல் அதற்குள் மேசைமேல் ஏறி இறங்கி வரைந்துகொண்டிருந்தது. அதை இழுத்து மடக்கிக்கொண்டாள்.

"தெரியலடா," என்றாள். "முழுசா பாடு. அப்புறம் பார்த்துக்கலாம்."