பச்சை விழுந்தவர்களும் சிவப்பு விழுந்தவளும்

பள்ளிக்கூடத்துக் கணினி அறையின் சாவி என்னிடம். திறப்பது, துடைப்பது, பூட்டுவது என் வேலை. என் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் பச்சை எது, சிவப்பு எது என்று கண்ணுக்குத் தெரியும்.

இந்த வருஷம் கணக்குப் பாடம் கணினிப் பெட்டியில் படமாக ஓடுகிறது. மணி அடிப்பதற்குள் முடித்தால் பட்டியலில் பெயருக்கு நேரே பச்சை, முடிக்காவிட்டால் சிவப்பு. கணக்கு டீச்சர் அந்தப் பட்டியலையே வேதமாக எடுத்துக்கொண்டார். ஆள் முகத்தைப் பார்க்காமல் மார்க் போடும் எதையும் நான் நம்புவதில்லை.

பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை, ஆள் இருக்கிறதா என்று பெட்டி கேட்கும். பொத்தானை அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் படம் நின்றுவிடும். பையன்கள் இதற்கு முறை வைத்திருந்தார்கள். அன்றைய முறைக்காரன் வரிசையாகப் போய் எல்லாப் பெட்டியிலும் அழுத்துவான். மற்றவர்கள் பின்கதவு வழியாகப் பந்தாடப் போய்விடுவார்கள். எனக்கென்ன வந்தது என்று நானும் இருந்துவிட்டேன்.

தையல்காரர் மகள் மட்டும் எழுந்திருக்க மாட்டாள். படத்தை நிறுத்துவாள், நோட்டில் போட்டுப் பார்ப்பாள், பிடிபடாவிட்டால் திரும்ப ஓடவிடுவாள். மணி அடிக்கும்போது பாதிப் பாடத்தில் நிற்பாள். சிவப்பு.

இருபது சிவப்பு சேர்ந்ததும் அவளைக் கடைசிப் பிரிவுக்கு மாற்றக் கடிதம் தயாரானது. அங்கே போனால் மேலே கணக்கு எடுத்துப் படிக்க முடியாது. கையெழுத்துப் போடுமுன் டீச்சர் அவளைக் கணினி அறைக்கே வந்து விசாரித்தார். அவள் அழவில்லை, நோட்டை நீட்டினாள். அதைத் திறக்காமலே, பட்டியல் பொய் சொல்லாது என்றார் டீச்சர்.

எனக்கு வாய் சும்மா இருக்காது.

"பட்டியல் கிடக்கட்டும் டீச்சர். பச்சை வாங்கினவன் ஒருத்தனைக் கூப்பிட்டு ஒரு கணக்கு போடச் சொல்லுங்க."

கூப்பிட்டார். ஒரு சிவப்புகூட வாங்காதவன் பலகை முன் நின்று சாக்பீஸை ஆராய்ந்தான். அடுத்தவன் தலையைச் சொறிந்தான், பாட நேரத்தில் பந்தாடப் போனதை ஒப்புக்கொண்டான். தையல்காரர் மகள் அதே கணக்கைப் போட்டாள், நடுவில் ஒரு தப்பு செய்தாள், அவளே அழித்துத் திருத்தி விடையைக் கொண்டுவந்தாள்.

டீச்சர் கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். கிழிக்கவில்லை. இவரையும் முழுசாக நம்ப முடியாது.

"பசங்க வெளிய போறது உங்களுக்கு எத்தனை நாளாத் தெரியும், பெரியவரே?"

"முதல் நாள்லேருந்து."

"ஏன் சொல்லல?"

"நீங்க பெட்டியத்தானே கேட்டீங்க. என்னை யாரு கேட்டா?"

மறுநாளிலிருந்து பாடம் முடிந்ததும் டீச்சர் நோட்டைப் பார்க்கிறார். பின்கதவை நான் பூட்டி வைக்கிறேன். பந்தாட்டக் கூட்டம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தையல்காரர் மகளுக்கு இன்னும் சிவப்புதான் விழுகிறது. அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.