பன்னிரண்டாம் அறைக்கு வந்த சூப்

மருத்துவமனைச் சமையலறைக்கு உணவுப் பட்டியல் புரோகிராம் எழுதிக்கொடுத்தவள் அவள்தான். அதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை. அறை எண்தான் கீ, அதாவது தேடும் அடையாளம். அதைக் கொடுத்தால் அந்த நோயாளிக்கு எது ஆகும், எது ஆகாது என்று திரையில் வரும். "ஒரே ஒரு வரி கட்டளைதான். அறை புதுசுன்னா சேர்க்கும், ஏற்கெனவே இருந்தா மாத்தும்!" என்று கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

முட்டி ஆபரேஷன் முடிந்து அவள் மாமனார் பன்னிரண்டாம் அறையில் படுத்திருந்தார். வேர்க்கடலை பட்டால் அவருக்குத் தொண்டை அடைத்துவிடும். சேர்த்த அன்றே அதைத் தன் கையாலேயே பதிவு செய்திருந்தாள். இன்று காலை பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக ஒருவர் வந்தார்.

மதியம் மாமனார் சூப்பைக் கரண்டியில் எடுத்து ஊதினார். வறுத்த கடலை வாசனை அவள் மூக்கில் ஏறியது.

"மாமா, வாயில வைக்காதீங்க!" கரண்டியைப் பிடுங்கினாள். போர்வையெல்லாம் சூப்.

கிண்ணத்தோடு சமையலறைக்கு ஓடினாள். தலைமைச் சமையல்காரம்மா அசரவில்லை. "திரையைப் பாரும்மா. பன்னிரண்டு, உப்பு கம்மி. கடலைன்னு எங்க இருக்கு?"

இல்லைதான். புதியவரைப் பதிவு செய்ததும் அதே பன்னிரண்டில் அவர் விவரம் ஏறி, மாமனாருடையது போய்விட்டது. போன வாரம்தான் ஆறு அறைகளில் இரண்டாம் கட்டில் போட்டார்கள். அவள் கண்ணாலேயே பார்த்தாள், மண்டையில் உறைக்கவில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

"சாப்பாட்டு வண்டியெல்லாம் நிறுத்துங்க. தப்பு என்னோடது."

"லேட்டானா எங்களைத்தானே திட்டுவாங்க?"

"என்னைக் கை காட்டுங்க. நான் வாங்கிக்கறேன்."

அழிந்ததை மீட்க வழியில்லை. கட்டில் கட்டிலாகப் போய், நர்ஸிடம் ஃபைலைக் கேட்டுக் குறித்தாள். நாலு பேர் திட்டினார்கள், வாங்கிக்கொண்டாள். பிறகு கீயை மாற்றினாள், அறை எண்ணோடு கட்டில் எண்ணும் சேர்த்து. பன்னிரண்டில் முதல் கட்டில், கடலை கூடாது. இரண்டாம் கட்டில், உப்பு கம்மி. இரண்டு வரியும் ஒன்றையொன்று தொடாமல் நின்றன. வேலை சுத்தம் என்று அவளுக்குத் தெரிந்தது.

புது சூப்பை அவளே கொண்டுபோனாள். மாமனார் கிண்ணத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, இதைக் குடிக்கலாமா? இல்ல, மறுபடியும் மாத்துவியா?"

"தைரியமா குடிங்க மாமா."

அவர் சிரித்துக்கொண்டே கரண்டியை எடுத்தார். கிண்ணம் காலியாகும்வரை அவள் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.