முழங்காலைக் கட்டாத வகுப்பு

"பயப்படாதீங்க. உடம்பைத் தளர்த்துங்க. வலிச்சா கையைத் தூக்குங்க."

இதே வார்த்தைகளைத் தினமும் மற்றவர்களுக்குச் சொல்லியே காலம் தள்ளியவள் ரௌஷான். அல்மாத்தி நகரத்தில் பல் டாக்டர். இன்று அவளை மல்லாக்கப் படுக்கவைத்து, தலைக்கு மேல் விளக்கைப் போட்டு, வேறொருத்தி சொல்கிறாள். கரீனா. பிலாட்டிஸ் உடற்பயிற்சி சொல்லித்தருபவள். ரௌஷானின் மகள் வயதுதான் இருக்கும்.

படுத்திருந்தது ஒரு நகரும் கட்டிலில். அடியில் ஸ்பிரிங்குகள், தலைமாட்டில் கயிறுகள். கயிற்று வளையத்தில் பாதங்களை மாட்டிக் கால்களை நீட்டினால் கட்டில் சறுக்கிக்கொண்டு போகும்; மடக்கினால் சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பி வரும். ரிஃபார்மர் என்று பெயராம். ரௌஷானுக்குப் பிடித்துப் போயிற்று. எந்த ஸ்பிரிங் எதை இழுக்கிறது என்று தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து இரண்டு முறை திட்டு வாங்கினாள்.

அவளுக்கு வேறு வழியும் இல்லை. நோயாளிகளின் வாய்க்குள் குனிந்து குனிந்தே முதுகு போய்விட்டது. மத்தியானத்துக்கு மேல் நிற்க முடிவதில்லை. "பிலாட்டிஸ் போங்க. முதுகு பலப்படலேன்னா கிளினிக்கை மூடிட வேண்டியதுதான்" என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். எந்த பிலாட்டிஸ் என்று மட்டும் சொல்லவில்லை. விசாரித்தால் மூன்று வகை. இந்தக் கட்டில் ஒன்று. வரிசை மாறாத பழைய முறை ஒன்று. வெறும் தரையில் பாயைப் போட்டுச் செய்வது ஒன்று.

கட்டிலே போதும் என்று அவள் முடிவு கட்டிய நேரத்தில் கரீனா சொன்னாள்: "சூப்பர்! கடைசியா ரெண்டு முழங்காலையும் மார்போட சேர்த்துக் கட்டிப் பிடிச்சுக்கங்க."

ரௌஷானின் கைகள் பாதி வழியில் நின்றன.

"கழுத்து வலிக்குதும்மா" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டாள்.

மறுநாள் கிளினிக்கில் உதவியாளர் குல்ஸிரா விடவில்லை.

"என்னக்கா, ரப்பர் மாதிரி வளைஞ்சுட்டீங்களா?"

"அது சரிப்படாது. வேற பார்க்கணும்."

"மருமக பார்க்கிற மாதிரியில்ல பார்க்கிறீங்க! என்ன குறையைக் கண்டீங்க?"

"முழங்காலைக் கட்டச் சொல்றாங்க."

தட்டில் இடுக்கிகளை அடுக்கிக்கொண்டிருந்த குல்ஸிராவின் கை நின்றது. "ஐயோ! அண்ணன் ஊர்ல இல்லாத நேரத்துலயா?" என்றவள், தன் பதற்றத்துக்குத் தானே சிரித்தாள். "நீங்க படிச்சவங்கக்கா."

"படிச்சவதான். அதுக்காக வலியப் போய்க் கட்டிக்கணுமா?"

கணவன் பெய்பித்துக்கு நாட்டின் மேற்கு மூலையில், எண்ணெய்க் கிணற்றில் வேலை. ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்வது யாருமற்றுப் போனவர்கள் உட்காரும் விதம். கஸாக் வீடுகளில் குழந்தைகள் தெரியாமல் உட்கார்ந்தால்கூடக் கையில் ஒரு அடி விழும்.

ரௌஷானுக்கும் விழுந்திருக்கிறது. ஆனால் அவளை அடித்த அம்மாவே ஒரு குளிர்காலத்தில் சுவரோரம் அப்படி உட்கார்ந்திருந்தாள். வீடு நிறையப் பெரிய பெண்கள். ஒருத்தியும் 'கையை எடு' என்று அதட்டவில்லை. அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று அந்தச் சிறுமிக்கு யாரும் சொல்லவில்லை. யாரும் அதட்டாததை வைத்தே புரிந்துகொண்டாள்.

பழைய முறை சொல்லித்தரும் விதாலி கிம்முக்கு ஃபோன் போட்டாள். வெட்கத்தை விட்டு நேராகவே கேட்டாள்.

"உங்க முறையில முழங்காலைக் கட்டுறது உண்டா?"

"ஆரம்பத்துலயே உண்டு. பந்து மாதிரி சுருண்டு உருளணும்."

"அதை மட்டும் விட்டுடலாமா?"

"வரிசையில கை வைக்க மாட்டேன்மா. அதோட, குனிஞ்சே இறுகிப்போன முதுகுக்கு மருந்தே அந்தச் சுருளல்தான்."

பத்தியமாக விலக்கியதே மருந்து என்றால் நோயாளி என்ன செய்வாள்?

மிச்சம் இருந்தது பாய் வகுப்பு. அந்த வியாழக்கிழமை மேற்கே பனிப்புயல். காலையிலிருந்து பெய்பித்தின் ஃபோன் கிடைக்கவில்லை. புயல் என்றால் டவர் போவது வழக்கம்தான். தெரிந்தும் ரௌஷான் ஃபோனைக் கீழே வைக்கவில்லை.

"முறைச்சுப் பார்த்தா சிக்னல் வந்துடுமா? கிளம்புங்க" என்று குல்ஸிரா கோட்டை எடுத்து நீட்டினாள்.

அடுக்குமாடிக் கட்டிடத்தின் நிலவறையில் வகுப்பு. பாய்கள் ஒன்றோடொன்று உரசிக் கிடந்தன. கோட்டுகளை, ஃபோன்களோடு, கதவோரக் கொக்கிகளில் மாட்டிவிட வேண்டும். ரௌஷானுக்குப் பக்கத்துப் பாயில் அவளைவிட மூத்த ஒரு கனத்த பெண்மணி. காலில் கம்பளிக் காலுறை, வாயில் மூன்று தங்கப் பற்கள். பழைய காலத்து வேலை, இன்னும் உறுதியாக நிற்கிறது என்று ரௌஷானின் கண் தானாகக் கணித்தது.

"பந்து மாதிரி சுருண்டுக்கங்க" என்றாள் ஆசிரியை.

கட்டக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் நாளெல்லாம் ஃபோனைப் பிடித்தே மரத்துப்போன கைகள், பிடிக்க ஏதாவது வேண்டும் என்பதுபோல, தாமாகப் போய் முழங்கால்களைக் கட்டிக்கொண்டன.

முதுகு எலும்பு எலும்பாகத் திறந்தது. என்ன சுகம்! அந்தச் சுகத்தின் நடுவில் குளிர் பிடித்ததுபோல் ஒன்று உறைத்தது. யாரும் அதட்டவில்லை.

"அழகா இருக்கு, அப்படியே இருங்க" என்றாள் ஆசிரியை. மற்றபடி அறையில் மூச்சுச் சத்தம் மட்டும்தான். ரௌஷான் காத்திருந்தாள்.

"ஏய் பொண்ணு!"

பக்கத்துப் பாயிலிருந்து வந்தது குரல்.

"கையை எடு! உனக்குப் புருஷன் இல்லையா என்ன?"

"இருக்காரு" என்றாள் ரௌஷான். சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. "இருக்காருக்கா!"

"இருக்காருல்ல? அப்புறம் எதுக்கு இந்தக் கோலம்? தொடைக்கு அடியில பிடி. நான் அப்படித்தான் உருள்றேன், எனக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

"அங்கே என்ன பேச்சு?" என்றாள் ஆசிரியை.

ரௌஷான் தொடைக்கு அடியில் பிடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கியதில் வயிறு குலுங்கியது. கரீனாவின் கட்டில்களுக்கு நடுவே ஒரு காரே போகலாம், அவ்வளவு இடைவெளி. அங்கே யார் யாரை அதட்டுவது? அடுத்த வியாழனுக்கும் இதே இடத்தில் பாயைப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பின்னால் உருண்டால் கூரை. முன்னால் எழுந்தால் கதவோரம் அவள் கோட்டு. அதன் பையில் ஃபோன் ஒளிரவில்லை. மறுபடி கூரை. மறுபடி கோட்டு.

"கை!" என்றாள் தங்கப் பல்காரி.

அவள் கைகள் திரும்பவும் முழங்காலுக்கு வந்திருந்தன. ரௌஷான் உடனே எடுத்துவிடவில்லை. இன்னொரு தடவை அதட்டட்டும் என்று, கோட்டைப் பார்த்தபடி, பந்தாகச் சுருண்டு காத்திருந்தாள்.